பொன்னியின் செல்வன்: எந்தப் பதிப்பை வாங்கலாம், அதில் என்னென்ன இருக்கவேண்டும்

கடையில் ஐந்து பாகங்களையும் அடுக்கி வைத்திருந்தால் முதல் பாகத்தை எடுத்து முதல் பத்தியைப் படித்துப் பாருங்கள். கற்பனை ஓடத்தில் ஏறி, இன்றைக்குத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முந்திய காலத்துக்குப் போவோம் என்று கல்கி நம்மை அழைக்கிறார். அந்த 'இன்றைக்கு' என்ற சொல்லை ஒட்டி, இது 1950-இல் எழுதப்பட்டது என்ற சிறு குறிப்பு இருக்கிறதா? இருந்தால் அந்தப் பதிப்பைக் கவனித்துச் செய்திருக்கிறார்கள் என்று தைரியமாக அடுத்த பக்கத்தைப் புரட்டலாம். இல்லையென்றால் கொஞ்சம் யோசியுங்கள். இன்று முதல்முறையாகப் படிக்கிற கல்லூரி மாணவர் நடப்பு ஆண்டிலிருந்து 982-ஐக் கழித்தால் கி.பி. 1040-களில் போய் நிற்பார். அது ராஜராஜன் மறைந்து, கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திரனின் ஆட்சியும் முடிந்துகொண்டிருந்த காலம். 1950-இலிருந்து கழித்தால்தான் 968 வரும். கதை தொடங்குவது அந்த ஆண்டின் ஆடிப் பதினெட்டாம் பெருக்கில்.

ஒரே ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் கதை முக்கால் நூற்றாண்டு இடம் மாறிவிடுகிறது. இந்த நாவலின் பதிப்புகளை எடைபோட இதைவிடச் சுருக்கமான சோதனை கிடையாது. பொன்னியின் செல்வன் நல்ல கதையா என்பதை இங்கே பேசவில்லை. அதை எழுபது வருஷத்து வாசகர்கள் சொல்லிவிட்டார்கள். எந்தப் பதிப்பு அந்தக் கதையை முழுமையாகவும், அது பிறந்த காலத்தோடும் வரலாற்றோடும் சேர்த்தும் கையில் கொடுக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

கல்கியின் நூற்றாண்டான 1999-ஐ ஒட்டித் தமிழக அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. அதன்பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாயிற்று. நாவல் மலிவானது, ஊர் ஊராகப் போனது. அது பெரிய நன்மை. கூடவே, மூலத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏதோ ஒரு கோப்பை எடுத்து அச்சுக்கு அனுப்பும் வழக்கமும் வந்தது. 2022-லும் 2023-லும் திரைப்படம் இரண்டு பகுதிகளாக வந்தபோது அலமாரிகளில் புதுப் பதிப்புகள் குவிந்தன. அட்டை பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக எதையும் எடுத்துவிடாதீர்கள்.

முதலில் பொருளடக்கத்தை எண்ணுங்கள். 'புது வெள்ளம்' 57 அத்தியாயம், 'சுழற்காற்று' 53, 'கொலை வாள்' 46, 'மணிமகுடம்' 46, 'தியாகச் சிகரம்' 91. மொத்தம் 293. முதல் பாகம் 'ஆடித் திருநாள்' என்று தொடங்கி 'மாய மோகினி'யில் முடியவேண்டும். ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயம் 'மலர் உதிர்ந்தது'. அதற்குப் பிறகு கல்கியே எழுதிய முடிவுரை ஒன்று உண்டு. தொடர் முடிந்ததும், அப்புறம் இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று கேட்ட வாசகர்களுக்கு அதில் பதில் சொல்கிறார். எது சரித்திரம், எது கற்பனை என்பதையும் தொட்டுப் பேசுகிறார். சில பதிப்புகள் கதை முடிந்ததே என்று அதை விட்டுவிடுகின்றன. முடிவுரை இல்லாத தொகுப்பு எவ்வளவு குறைந்த விலையில் வந்தாலும் அது குறைநூல்தான்.

அடுத்தது கட்டு. அத்தியாயக் கணக்கிலேயே தெரிகிறது, ஐந்தாம் பாகம் மட்டும் மொத்த நாவலில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஐந்து பாகங்களில் முதலில் முதுகு விரிவது இதுதான். எனவே கட்டைச் சோதிக்க முதல் பாகத்தை எடுக்காதீர்கள், ஐந்தாம் பாகத்தை எடுங்கள். முதுகின் மேல்முனையை உற்றுப் பாருங்கள். பதினாறு பக்கம், பதினாறு பக்கமாக மடித்த ஃபாரங்கள் தனித்தனிச் சிறு கட்டுகளாகத் தெரிந்து, நடுப்பக்கத்தைத் திறந்தால் நூல் தென்பட்டால் அது தையல் கட்டு. தாள்கள் எல்லாம் ஒரே மட்டமாக வெட்டுப்பட்டுப் பசையில் நின்றால் அது கம் பைண்டிங். மெல்லிய புத்தகத்துக்குப் பசை போதும். இவ்வளவு கனத்துக்கு, அதுவும் வீட்டில் நாலு பேர் மாறிமாறிப் படிக்கும் புத்தகத்துக்குப் போதாது; கோடையில் பசை காய்ந்ததும் நடுவிலிருந்து இதழ் இதழாக வரும். ஐந்து பாகத்தையும் ஒரே புத்தகமாகச் சேர்த்த பதிப்புகள் அலமாரிக்கு அழகாக இருக்கும். படுத்துக்கொண்டு படிக்க முடியாது, பையில் போட்டுப் பேருந்தில் எடுத்துப்போக முடியாது. இரண்டாயிரம் பக்கத்தைத் தாண்டும் சரக்கை ஒரே முதுகில் ஏற்ற எழுத்தையும் சிறிதாக்கியிருப்பார்கள். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு வாங்குவதாக இருந்தால் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஃபாரம் மாறிப்போவதும் உண்டு. ஒரு பதினாறு பக்கம் இரண்டு முறை வரும், இன்னொரு பதினாறு பக்கம் காணாமல் போயிருக்கும். வீட்டுக்கு வந்ததும் எல்லாப் பாகத்திலும் பக்க எண்களை மட்டும் விரலால் தள்ளி ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஐந்துக்கும் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகும். ஆறு மாதம் கழித்து நாலாம் பாகத்தில் கண்டுபிடித்தால் கடைக்காரர் மாற்றித் தரமாட்டார்.

பிழைகளில் இரண்டு ரகம் இருக்கின்றன. ஒன்று கண்ணுக்குத் தெரிவது: பழுவேட்டரையர் 'பளுவேட்டரையர்' ஆவது, மேற்கோள் பாசுரங்களின் வரிகள் உடைந்து உரைநடையோடு ஒட்டிக்கொள்வது, அடிக்குறிப்பு பக்கத்தின் அடியை விட்டு வாக்கியத்துக்கு நடுவில் ஏறிவிடுவது. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது, மின்னூலில்தான் தொல்லை தரும். 'அவர்கள்' என்பதில் ரகர மெய்க்குப் பதிலாகத் துணைக்கால் போட்டு அதன்மேல் புள்ளி வைத்திருப்பார்கள். பார்வைக்கு ஒன்றேதான். தேடல் பெட்டியில் 'வந்தியத்தேவர்' என்று தட்டினால் பாதி இடம் அகப்படாது. 'எ' இருக்கவேண்டிய இடத்தில் ஏழு என்னும் தமிழ் எண், 'ஔ' இருக்கவேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக என்று இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. மின்னூல் வாங்குமுன் மாதிரிப் பக்கங்களைத் தரவிறக்கி, கண்ணெதிரே தெரிகிற ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். அகப்படவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

மொழியைத் திருத்திய பதிப்புகளும் இருக்கின்றன. கல்கி 'பிரயாணம்' என்று எழுதினார், 'சரித்திரம்' என்று எழுதினார், வாசகரை 'நேயர்களே' என்று கூப்பிட்டார். 1950-இன் வாரப் பத்திரிகைத் தமிழ் அது. அதைப் பயணம், வரலாறு என்று மாற்றி, நேயர்களை நீக்கிவிட்டால் கதை நகரும். ஆனால் கதை சொல்கிறவர் பக்கத்தை விட்டு எழுந்து போய்விடுவார். முதல் வாக்கியத்திலேயே 'நேயர்களை', 'பிரயாணம்' இரண்டும் வருகின்றன. இருக்கின்றனவா என்று பாருங்கள்.

படங்கள் பற்றி ஒரு வார்த்தை. தொடர் வந்தபோது ஓவியம் வரைந்தவர் மணியம். குந்தவையின் கொண்டை, நந்தினியின் கண், பழுவேட்டரையரின் மீசை என்று தமிழ்நாட்டு மனத்தில் பதிந்திருப்பவை அவருடைய கோடுகள். பிற்காலத்தில் வேறு ஓவியர்களும் வரைந்தார்கள், நன்றாகவே வரைந்தார்கள். முதன்முறை வாங்குகிறவருக்கு மணியம் படங்கள் உள்ள பதிப்பே என் பரிந்துரை. அச்சில் அந்தப் படங்கள் கரிப்பூச்சாக இருக்கின்றனவா, மயிரிழைக் கோடு தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள். நகலின் நகலிலிருந்து எடுத்த படத்தில் முகமே தெரியாது.

இனி, பெரும்பாலான பதிப்புகளில் கிடைக்காத பகுதி. எழுதியவர் யார், எந்தச் சூழலில் எழுதினார் என்று பின்னட்டையில் நாலு வரி போட்டு முடித்துவிடுகிறார்கள். பிறந்த தேதி, இறந்த தேதி, 'சரித்திர நாவல்களின் தந்தை' என்ற பட்டம். இவ்வளவு பெரிய நாவலுக்கு இது அநியாயம். ஏனென்றால் இதன் வடிவம், வேகம், திரும்பத் திரும்பச் சொல்லும் பழக்கம், அரியணையைப் பற்றிய அதன் பார்வை எல்லாவற்றுக்கும் அவருடைய வாழ்க்கையில் வேர் இருக்கிறது.

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9 அன்று மணல்மேட்டை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். அப்போது அது தஞ்சாவூர் ஜில்லா, இன்று மயிலாடுதுறை மாவட்டம். தந்தை ராமசாமி ஐயர் கிராமக் கணக்கர். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: மணல்மேடு கொள்ளிடத்துக்குத் தென்கரை. ஆற்றைத் தாண்டி வடக்கே போனால் காட்டுமன்னார்கோயில், அதை ஒட்டி வீராணம் ஏரி. கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரைமேல் முதன்முதலில் நம் கண்ணில் படுவது அந்த ஏரிக்கரையில்தான். எழுபத்துநான்கு கணவாய் (மதகு) வழியாகவும் நீர் பாயும் அந்த ஏரியின் வர்ணனை நூலகத்தில் உட்கார்ந்து சேர்த்த விவரம் அன்று; ஆடியில் தண்ணீர் வரும் ஓசை தெரிந்த டெல்டாக்காரரின் எழுத்து.

1921-இல், பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிய சமயத்தில், காந்தியின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டுத் திருச்சியில் படிப்பை விட்டார். மறு ஆண்டே ஓராண்டுச் சிறை. வெளியே வந்து 1923-இல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் சேர்ந்தார். பத்திரிகைத் தமிழை அவர் பழகிய இடம் அது. பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியுடன் இருந்து 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தினார். மறுபடி சிறை. முப்பதுகளில் 'ஆனந்த விகட'னின் ஆசிரியர். 'கர்நாடகம்' என்ற பெயரில் சங்கீத விமர்சனம் எழுதியதும் அப்போதுதான். 'தியாக பூமி' தொடராக வந்தபோது, அதே கதையின் திரைப்படக் காட்சிகளையே பத்திரிகையில் படமாகப் போட்டார்கள்; 1939-இல் வெளிவந்த அந்தப் படத்தை ஆங்கில அரசு தடை செய்தது. அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்து வைத்திருப்பது எப்படி என்பதை அவர் கற்றது இந்தப் பத்தாண்டில்.

தனிநபர் சத்தியாக்கிரகத்தில் மூன்றாம் முறை சிறை. விகடனை விட்டார். நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து 1941 ஆகஸ்ட் 1 அன்று 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார். சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற பணம் அந்த முதலீட்டுக்குப் போயிற்று. சொந்தப் பத்திரிகை என்றால் சும்மாவா? வாரா வாரம் விற்றாகவேண்டும். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' இரண்டும் அந்தக் கட்டாயத்தில் பிறந்தவை. பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் 29 இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டு ஓடி 1954-இல் முடிந்தது. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு என்று அத்தியாயங்கள் வந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று, 55 வயதில், கல்கி காலமானார். இது புத்தகமாகப் பரவியதை அவர் பார்க்கவில்லை.

இந்தப் பின்னணி கையில் இருந்தால், புதிய வாசகர்கள் வழக்கமாகச் சொல்லும் இரண்டு குறைகள் வேறு மாதிரித் தெரியும். அத்தியாயத்தின் தொடக்கத்தில் முந்தைய சம்பவத்தை மறுபடி சொல்கிறாரே என்பார்கள். ஏழு நாள் இடைவெளிக்குப் பிறகு வந்த வாசகருக்கு அது தேவைப்பட்டது. ஒரே மூச்சில் முப்பது அத்தியாயம் படித்தால் அலுக்கத்தான் செய்யும். ஒரு நாளைக்கு நாலைந்து என்று வைத்துக்கொண்டால் அந்தத் தாளம் இனிக்கும், இரண்டு மாதத்தில் முடிந்தும்விடும். இன்னொன்று, வாளைவிட வாய்ப்பேச்சு அதிகமாக இருக்கிறதே என்பது. குடியரசு பிறந்து ஒன்பது மாதம் ஆனதும், மூன்று முறை சிறை சென்ற ஒரு காந்தியவாதி எழுதத் தொடங்கிய கதை இது. தனக்குக் கிடைக்கவிருக்கும் பதவியை ஒருவன் விட்டுக்கொடுப்பதுதான் இதன் சிகரம், கடைசிப் பாகத்தின் பெயரும் அதுவே. அதிகாரம் புதிதாகக் கைக்கு வந்திருந்த நாட்டில் அந்தப் பெயரை வைத்தவரின் மனசு எதை நினைத்துக்கொண்டிருந்தது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

சரித்திரப் பின்னணிக்கு வருவோம். நல்ல பதிப்பு என்றால் ஒரு பக்கத்தில் சோழர் கொடிவழிப் படமும் இன்னொரு பக்கத்தில் வரைபடமும் இருக்கவேண்டும். கொடிவழி தெரியாமல் கதையின் சிக்கல் பிடிபடாது. முதலாம் பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன் 949-இல் தக்கோலப் போரில் மாண்டான். அடுத்தவர் கண்டராதித்தர். அவர் இறந்தபோது மகன் சிறு குழந்தை. எனவே பட்டம் தம்பி அரிஞ்சயனுக்கும், பிறகு அவன் மகன் சுந்தர சோழனுக்கும் போயிற்று. இப்போது அந்தக் குழந்தை வளர்ந்துவிட்டது. பெரியவர் மகனுக்கா, இப்போது ஆள்கிறவரின் மகனுக்கா, யாருக்கு அரியணை? ஐந்து பாகமும் இந்த ஒற்றைக் கேள்வியில் தொங்குகின்றன. இதை ஒரு படத்தில் காட்டாத பதிப்பு வாசகரை முதல் நூறு பக்கம் இருட்டில் நடக்கவிடுகிறது.

சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலை நடந்தது உண்மை. அதற்கான கல்லெழுத்து காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சொல்லி, சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரின் பெயர்களைத் தருகிறது. அவர்களுடைய உறவினர் நிலங்கள் பறிமுதலானது பற்றிப் பேசுகிறது. பிரமாதிராஜன் என்பது அரசு அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். கல்கி அந்த ரவிதாசனை மந்திரவாதியாக்கினார், சோமனைச் சோமன் சாம்பவன் ஆக்கினார், பாண்டியனின் ஆபத்துதவிகள் என்று ஒரு பழி வாங்கும் கூட்டத்தை அவர்களைச் சுற்றி நெய்தார். கதை தொடங்கும் வீராணம் ஏரிக்கரையும் இந்தக் கல்வெட்டு இருக்கும் கோயிலும் பக்கம் பக்கமாக இருப்பதைக் கவனியுங்கள். கொலைச் சாட்சியம் பதிந்த ஊருக்குப் பக்கத்திலேயே வந்தியத்தேவனின் குதிரையை நிறுத்திவிட்டுத்தான் கல்கி கதையை அவிழ்க்கிறார்.

கொலை ஏறக்குறைய 969-இல். கல்வெட்டு 986-987 வாக்கில். நடுவில் கண்டராதித்தரின் மகன் உத்தம சோழன் ஆண்ட காலம் முழுதும் இருக்கிறது. அப்படியானால் அவன் ஏன் தண்டிக்கவில்லை என்று கேட்டு, உத்தமன்மேல் ஐயத்தைத் திருப்பினார் வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. அது சரியல்ல என்று 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தில் மறுத்தார் தி.வை. சதாசிவ பண்டாரத்தார். கல்வெட்டு நிலக்கணக்கைத் தீர்க்கிறதே தவிர, தண்டனை அப்போதுதான் தொடங்கியது என்று சொல்லவில்லை என்பது மறுப்பவர்கள் பக்கத்து வாதம். பண்டாரத்தார் நூலின் முதற்பகுதி 1949-இல் வந்தது, கல்கி தொடங்கியது 1950-இல். இந்தச் சர்ச்சையின் சூடு ஆறாத சமயம். கடைசிவரை இன்னார் கையால்தான் கரிகாலன் இறந்தான் என்று ஐயமற உடைத்துச் சொல்லாமல் விட்டதை வாசகர்கள் இன்றும் குறையாகப் பேசுகிறார்கள். சதிகாரர்கள் பெயரைத் தரும் கல், கொன்ற இடத்தையோ கொன்ற விதத்தையோ தருவதில்லை. நாவலும் அந்தக் கோட்டைத் தாண்டத் துணியவில்லை. இந்த ஒரு செய்தியைப் பின்னிணைப்பில் சேர்த்திருந்தால் எத்தனையோ வாக்குவாதம் மிச்சமாகியிருக்கும்.

சுந்தர சோழனின் இளைய மகன் அருள்மொழி பட்டத்தை மறுத்ததும் கல்கியின் கற்பனை அன்று. ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, குடிகள் வேண்டியும், சிறிய தந்தை உத்தமன் அரசை விரும்பும்வரை தான் அதை விரும்புவதில்லை என்று அருள்மொழி இருந்ததாகச் சொல்கிறது. 985-இல்தான் அவன் ராஜராஜனாகப் பட்டம் ஏறினான். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் பிறகு ராஜராஜன் ஆட்சியில் கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் அதிகாரியாக இருந்தான். இரண்டு கிளைக்கும் பகை மூளவில்லை என்பதற்கு அது ஒரு தடயம்.

வந்தியத்தேவன் உண்டா? உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை, ராஜராஜதேவரின் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார் என்று குறிக்கிறது. குந்தவையின் கணவர் என்பதற்குமேல் அவரைப் பற்றித் தெரிவது சொற்பம். அந்த ஒரு வரியிலிருந்து தமிழின் மிகப் பிரியமான கதாநாயகனை எழுப்பினார் கல்கி. நாவலில் குந்தவை நடத்தும் ஆதுரசாலைக்கும் ஆதாரம் இருக்கிறது: தஞ்சையில் தந்தை சுந்தர சோழனின் பெயரால் அமைந்த மருத்துவசாலைக்கு அவர் நிலம் கொடுத்திருக்கிறார். நாவலின் முதன்மந்திரி அநிருத்த பிரமராயர் அன்பில் செப்பேட்டில் வருகிறார். பழுவேட்டரையர்களின் கல்வெட்டுகளைக் கீழப்பழுவூரிலும் மேலப்பழுவூரிலும் பார்க்கலாம். கண்டராதித்தரின் மனைவி செம்பியன் மாதேவி கட்டிய கற்கோயில்களில் கோனேரிராஜபுரம் கோயில் இன்றும் நிற்கிறது, கண்டராதித்தர் லிங்கத்தை வணங்கும் சிற்பத்தோடு.

நந்தினி, ஊமை ராணி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் கல்கியின் படைப்புகள். நாகப்பட்டினம் சூடாமணி என்னும் பௌத்த விகாரத்தில் இளவரசர் அருள்மொழி காய்ச்சலோடு தங்கும் பகுதி காலக்கணக்கில் பொருந்தாது. ஸ்ரீவிஜய அரசன் சூளாமணிவர்மன் பெயரால் எழுந்த அந்த விகாரத்துக்கு ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் பேசுவது அதைத்தான். கதை நடப்பது அதற்கு முப்பது ஆண்டுக்கு மேல் முன்னால். கடல் பொங்கிக் கரையேறும் அந்த அத்தியாயங்களின் அழகு இதனால் குறைந்துவிடாது. ஆனால் பள்ளிக்கூடத் தேர்வில் இதை எழுதிவிட்டு மதிப்பெண் இழக்கும் பிள்ளைகளுக்காகவாவது பதிப்பாளர்கள் ஒரு அடிக்குறிப்பு போடலாம். ஐந்தாம் பாகத்தில் வரும் ஒரு மிகப் பெரிய திருப்பத்துக்கும் கல்வெட்டில் சான்று இல்லை. அது எது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. முன்னுரையிலேயே அதை உடைத்துவிடும் பதிப்புகள் இருக்கின்றன. அறிஞர் முன்னுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைக் கடைசியில் படியுங்கள்.

காசு செலவழிக்காமல் படிக்கவேண்டுமானால் மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டத்தின் தளத்தில் நாவல் முழுமையாக இருக்கிறது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றியது. படம் இருக்காது, பக்க அழகு இருக்காது. வாங்கிய பதிப்பில் ஏதாவது வரி ஐயமாக இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட உதவியான இடம் வேறில்லை.

ஒலிநூல்கள் வேலை செய்துகொண்டே கேட்கத் தோதானவை. ஒரே குரல் படிப்பதா, பாத்திரத்துக்கு ஒரு குரலா என்று மாதிரியைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சுருக்கிய சிறுவர் பதிப்பு மட்டும் வேண்டாம். இருநூறு பக்கத்தில் சதி மிஞ்சும், காவேரி போய்விடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முழு நாவலின் முதல் பாகத்தை மட்டும் வாங்கிக் கொடுங்கள். இரண்டாம் பாகத்தை அதுவே கேட்கும்.

ஆக, முதன்முறை படிக்கிறவருக்கு: ஐந்து தனிப் பாகம், தையல் கட்டு, மேப்லித்தோ என்னும் நல்ல வெள்ளைத் தாள், பதினோரு பாயிண்டுக்குக் குறையாத எழுத்து, மணியம் படங்கள், 293 அத்தியாயம், முடிவுரை. இதில் தாளையும் படத்தையும் விலைக்காக விட்டுக்கொடுக்கலாம். கட்டையும் முடிவுரையையும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏற்கனவே படித்தவருக்கு இன்னொரு அழகுப் பதிப்பு தேவையில்லை. அந்தப் பணத்துக்குப் பண்டாரத்தாரின் முதற்பகுதியை வாங்கி, சுந்தர சோழன், உத்தம சோழன் அதிகாரங்களை நாவலுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

பரிசாகக் கொடுப்பவர்கள் முதல் பாகத்தின் உள்ளட்டையில் கொடிவழியைக் கையால் எழுதிக் கொடுங்கள், ஐந்தே வரிதான். பராந்தகன். அவன் மக்கள் ராஜாதித்தன், கண்டராதித்தர், அரிஞ்சயன். கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் மகன் மதுராந்தகன். அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன். சுந்தர சோழனுக்கு ஆதித்தன், குந்தவை, அருள்மொழி. மதுராந்தகன் பெயருக்கு நேராக மட்டும் விளக்கம் ஒன்றும் எழுதவேண்டாம். ஐந்தாம் பாகத்துக்கு வரும்போது அவர்களே தெரிந்துகொள்ளட்டும்.